கேமராவுக்குள் மங்கி குல்லா

தன் பெண்டாட்டியின் கேமராவை இனி வேறொரு ஆம்பளை திறக்கக் கூடாது என்று நூருல்லா தீர்மானித்தபோது அவன் வாயில் பல் தேய்க்கும் பிரஷ் இருந்தது. ஆகவே அந்த மாபெரும் பிரகடனம் நுரையோடு நுரையாக வெளியே வந்து, வாஷ்பேசினில் விழுந்து, தண்ணீரோடு போய்விட்டது.

"என்னங்க சொல்றீங்க? துப்பிட்டுச் சொல்லுங்க" என்றாள் நசீரா அடுப்படியிலிருந்து.

துப்பினான். நுரையோடு தைரியமும் போயிருந்தது.

"ஒண்ணுமில்ல புள்ள. பேஸ்ட் தீந்துபோச்சுன்னேன்."

நூருல்லாவுக்குக் குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை பக்டரியில் ராத்திரி ஷிப்ட். டீ மேக்கர். ஊரெல்லாம் கம்பளிக்குள் சுருளும்போது அவன் கொழுந்தைச் சுருட்டிக்கொண்டிருப்பான். காலையில் வீடு வந்து, இரண்டு இட்லி தின்று, திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுவான். கல்யாணமான நாளிலிருந்து இதேதான். பகலில் தன் பெண்டாட்டி என்ன செய்கிறாள் என்பது அவனுக்குக் கனவில் வந்தால்தான் உண்டு.

வந்தது. அதுதான் தொல்லை.

நசீரா பகலில் படம் எடுத்தாள். மலையில் முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் உட்காரும் இடத்துக்குத் திரை போட்டுவிடுவார்கள். திரைக்கு அந்தப் பக்கம் ஆம்பளை போட்டோகிராபர் எட்டிப் பார்க்க முடியாது. பெண்களுக்கோ படம் வேண்டும். அதுவும் நகை தெரிகிற மாதிரி வேண்டும். ஆகவே குன்னூர் முதல் நாடுகாணி வரை எங்கே நிக்காஹ் என்றாலும் பெண்கள் பக்கம் நசீரா, ஆண்கள் பக்கம் மார்க்கெட் படிக்கட்டோரத்து ஸ்டுடியோ பெனிஸ் என்று ஆகிவிட்டது.

பெனிஸ் நல்ல பையன். அதை நூருல்லாவே ஒத்துக்கொள்வான். அளவாக வெட்டிய தாடி, மடிப்புக் கலையாத சட்டை, எதற்கெடுத்தாலும் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புதான் நூருல்லாவுக்கு ஆகாது. ராத்திரி முழுக்க முழித்தவன் பார்வையில், பகலில் சிரிக்கிறவன் எல்லாம் எதையோ திருடியவன்தான்.

போன மாதம் பல்வலியில் தூக்கம் கலைந்து, கிராம்புத் தைலம் வாங்க மார்க்கெட்டுக்கு இறங்கினான். ஸ்டுடியோ கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து பெனிஸின் குரல்.

"மூச்சு விடாதீங்கக்கா... இன்னுங் கொஞ்சம் கிட்ட வாங்க... அப்படியே... ஆங், போயிருச்சு பாருங்க!"

அப்புறம் நசீராவின் சிரிப்பு. வீட்டில் கேட்டறியாத சிரிப்பு. கேட்டிருக்கலாம், அவன் தூங்கியிருப்பான்.

எட்டிப் பார்த்தான். விளக்கடியில் இரண்டு தலைகள் முட்டிக்கொண்டிருந்தன. நடுவில் கேமரா வாயைப் பிளந்து கிடந்தது உண்மைதான். அதற்குள் ஏதோ தட்டைக் குச்சியை விட்டு பெனிஸ் தூசி துடைத்ததும் உண்மைதான். ஆனால் பொறாமைக்காரன் கண்ணுக்கு நடுவில் இருப்பது எதுவும் தெரியாது. தலைகள்தான் தெரியும்.

தைலம் வாங்காமலே திரும்பி வந்து போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டான். பக்டரியில் கொழுந்தைப் புளிக்க வைப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. மணம் மாறியதும் அள்ளி அடுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். நூருல்லாவின் மனசை அள்ள ஆளில்லை. புளித்துக்கொண்டே கிடந்தது.

இப்போது மறுபடியும் தூசி.

"இங்க பாருங்க" என்று முந்தின நாள் நசீரா லேப்டாப்பை அவன் முன்னால் திருப்பினாள். "வானத்துல ஒரு கறுப்பு தெரியுதுங்களா?"

"காக்கா."

"இந்தப் படத்துல?"

"அதே காக்கா."

"இது ஊட்டுக்குள்ள எடுத்ததுங்க. பொண்ணு கன்னத்துல இருக்குது."

"திருஷ்டிப் பொட்டு. நல்லாத்தான் வெச்சிருக்காங்க."

"மாமியா கன்னத்துலயும் அதே எடத்துல வெச்சிருக்காங்களா?"

நூருல்லா யோசித்தான். "அந்தம்மாவுக்கு யாரு புள்ள திருஷ்டி போடப்போறாங்க?"

"அதுதான் சொல்றேன். சென்சார்ல தூசி உக்காந்திருக்குதுங்க. படம் விழுகற தகடே அதுதான். அதுல ஒரு தூசி இருந்தா எடுக்கற படத்திலெல்லாம் அதே எடத்துல வரும். பெனிஸ்கிட்டக் குடுத்தா ஒரு நிமிஷத்துல தொடச்சுரும். ஞாயித்துக்கெழம நாடுகாணியில மெஹ்ரின் கல்யாணம்." லேப்டாப்பை மூடினாள். "நீங்களும் வாங்களேன். நமக்கும்தான் பத்திரிக்க வெச்சிருக்காங்க."

"ஞாயித்துக்கெழம நான் தூங்கோணும்."

"தெரியும். சும்மா கேட்டேன். பெனிஸ் கார்லயே போயிக்கறேன்."

நூருல்லாவின் காது நிமிர்ந்தது. "கார்ல யாரு யாரு?"

"பெனிஸ், நானு, லைட்டு."

"லைட்டு எங்க உக்காரும்?"

"பின்னாடி சீட்டுல. ஸ்டேண்டு நீளமா இருக்குதில்லீங்க."

அப்படியானால் முன் சீட்டில் யார்? பைக்காரா, நடுவட்டம், வழி நெடுக வளைவு. ஒவ்வொரு வளைவிலும் அவள் அந்தப் பக்கம் சாய்வாளா, இந்தப் பக்கம் சாய்வாளா? அன்று பக்டரியில் நூருல்லா கொழுந்தை முகரவில்லை. வளைவுகளை எண்ணிக்கொண்டிருந்தான். அதன் விளைவுதான் மறுநாள் காலை வாஷ்பேசினில் எடுத்த தீர்மானம். தூசியை நாமே துடைத்துவிட்டால் பெனிஸ் எதற்கு? முதலில் கேமராவை மீட்போம். முன் சீட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே நூருல்லாவின் கைராசியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவன் எந்தப் படிப்பும் படிக்காமல் எல்லாவற்றையும் பிரிக்கத் தெரிந்துகொண்டவன். சேர்ப்பதுதான் இன்னும் கைவரவில்லை. மிக்சியைப் பிரித்தான், அது அம்மியானது. கீசரைப் பிரித்தான், குளியலறையில் பனிக்காலம் நிரந்தரமானது. ஒவ்வொரு தடவையும் கடைசிக் கட்டத்தில், கையில் ஒரு ஸ்குரூ மிஞ்சி நிற்கும்போது, அவன் கூரையைப் பார்த்து உரத்த குரலில் நேர்ச்சை வைப்பான். "யா அல்லா, இது மட்டும் ஓடட்டும், இனிமே டீயில சக்கரையே போட மாட்டேன்!" மெக்கானிக் வந்து ஓட வைத்ததும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு டீ குடிப்பான்.

"நேர்ச்சை வெச்சீங்களே?" என்பாள் நசீரா.

"நானா? எப்ப? சாட்சி இருக்குதா?"

"அல்லா கேட்டிருப்பான்."

"அது எனக்கும் அவனுக்கும் உள்ள வெவகாரம். நீ நடுவுல வராத."

சாட்சியில்லாத வழக்கு நிற்காது. நசீரா விட்டுவிடுவாள். விட்டுவிட்டாள் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு இட்லியைப் பிட்டுக்கொண்டே, எங்கேயோ பார்த்தபடி கேட்டான். "ஏம்புள்ள, அந்தத் தூசி இருக்குதே, அத எப்படித்தான் தொடைக்கறாங்க?"

நசீரா சட்னியைக் கிளறிக்கொண்டே, அவளும் எங்கேயோ பார்த்தபடி சொன்னாள். "லென்ஸக் கழட்டோணுமுங்க. உள்ள ஒரு கண்ணாடி மறச்சுக்கிட்டு இருக்கும். அது மேல ஏறுனாத்தான் சென்சார் தெரியும்."

"அது எப்படி ஏறும்?"

"வீடியோவுல வெச்சு இந்தப் பட்டன அமுக்குனா ஏறிக்கும். செவப்பா ஒரு புள்ளி மினுக்கும். அது மினுக்கற வரைக்கும் கண்ணாடி எறங்காது. பாதியில நிறுத்துனா படக்குன்னு விழுந்து சென்சாரக் கீறிரும்."

"ஓகோ. சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்."

"நானும் சும்மாத்தான் சொன்னேன்." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "பக்கத்துத் தெரு ஜெஸிந்தா டீச்சர் ஊடு வரைக்கும் போயிட்டு வாரேன். வர நேரமாகும். நீங்க தூங்குங்க. பேட்டரி புல்லா இருக்குது."

தூங்கப்போகிறவனுக்குப் பேட்டரி எதற்கு என்று நூருல்லா யோசித்திருக்க வேண்டும். பொறாமையில் இருக்கும்போது மூளை அரை ஷிப்டுதான் வேலை செய்யும்.

கதவு சாத்தியதும் களத்தில் இறங்கினான். சாப்பாட்டு மேஜையைத் துடைத்தான். பக்டரி டார்ச்சை எடுத்தான். குளிருக்கு மாட்டியிருந்த மெரூன் மங்கி குல்லாவைக் காது வரை இழுத்துவிட்டு, லென்ஸைக் கழற்றினான். பட்டனை அமுக்கினான். உள்ளே ஏதோ 'டக்' என்று தூக்கிக்கொண்டது. சிவப்புப் புள்ளி மினுக்கியது. ஆழத்தில், மயில் கழுத்து நிறத்தில், தபால்தலை அளவுக்கு ஒரு தகடு பளபளத்தது.

"வா ராசா" என்றான் அதைப் பார்த்து. "உன்னத் தொடைக்கத்தான் அந்தத் தாடிக்காரன் என்ற பொண்டாட்டியக் கிட்ட வா, கிட்ட வான்னு கூப்புட்டானா? மூச்சு விடாதீங்கக்காவாம்! மூச்சு விடாம இருக்க அவ என்ன மீனா? நாந் தொடைக்கறேன் பாரு. பெனிஸாவது, பென்சிலாவது!"

எதைக் கொண்டு துடைப்பது? இங்கேதான் நூருல்லாவின் அனுபவம் கை கொடுத்தது. சொல்லப்போனால் காலை வாரியது. பக்டரியில் காய்ந்த தேயிலையிலிருந்து நாரைப் பிரிக்க ஒரு மெஷின் உண்டு. பிளாஸ்டிக் உருளைகள் கம்பளியில் உரசி உரசிச் சுழலும். உரசின உருளைக்கு ஒரு மின்சாரம் பிடித்துக்கொள்ளும். கீழே தேயிலை ஓட ஓட, நார் மட்டும் துள்ளி வந்து உருளையில் ஒட்டிக்கொள்ளும். டன் கணக்கான தேயிலையில் நாரைத் தூக்குகிற சக்தி, ஒரு தூசியைத் தூக்காதா?

நசீராவின் பிளாஸ்டிக் சீப்பை எடுத்தான். தலையிலிருந்த கம்பளிக் குல்லாவில் சரக் சரக்கென்று உரசினான். கேமராவுக்கு நேர் மேலே குனிந்தே உரசினான். அப்புறம் சீப்பைத் தகட்டுக்கு மேலே காட்டிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

சீப்புக்கு மின்சாரம் பிடித்தது. மறுப்பதற்கில்லை. குல்லாவிலிருந்த நூல் பிசிறெல்லாம் சீப்புக்கு வந்தது. சீப்பிலிருந்த முடி கேமராவுக்குள் போனது. குல்லாவின் மடிப்புகளில் பதுங்கியிருந்த பழைய தேயிலைத் தூள் அவற்றுக்குத் துணையாகப் போனது. போகிற வழியில் கொஞ்சம் நூருல்லாவின் மூக்கிலும் நுழைந்தது.

மூச்சைப் பிடித்தவனுக்குத் தும்மல் வந்தால் என்னாகும்? அணை உடைந்த மாதிரி ஆகும். ஆனது.

டார்ச்சை அடித்துப் பார்த்தான். தகட்டில் ஒரு முடி பூரான் மாதிரி சுருண்டு கிடந்தது. அதன் பக்கத்தில் மெரூன் கம்பளி இழை ஒன்று படுத்திருந்தது. சுற்றிலும் தூள், அதன் மேல் சாரல். ஒரு புள்ளி இருந்த இடத்தில் ஒரு புள்ளிவிவரத் துறையே உட்கார்ந்திருந்தது.

சிவப்புப் புள்ளி மட்டும் அமைதியாக மினுக்கிக்கொண்டிருந்தது.

நூருல்லா கூரையைப் பார்த்தான். இரண்டு கையையும் ஏந்தினான்.

"யா அல்லா! இது மட்டும் சரியாகட்டும். ஞாயித்துக்கெழம நான் தூங்கல. நாடுகாணிக்கு அவ பையத் தூக்கிக்கிட்டு நானே பின்னால போறேன். பெனிஸ இனி ஒரு சொல்லு சொல்ல மாட்டேன். மாசத்துல ஒரு பகல் முழிச்சிருந்து அவ கூப்புடற எடத்துக்கெல்லாம் போறேன். வெங்காயம் நான் உரிக்கறேன். அந்தக் கேமரான்னா அவளுக்கு உசுரு யா அல்லா, என்னையவிடக்கூட... என்னையவிடத்தான். அவ மூஞ்சிய நான் எப்படிப் பாப்பேன்?"

பிறகு லென்ஸை மாட்டி, கேமராவை அணைத்து, சால்வையில் சுற்றி, குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட தகப்பன் மாதிரி மார்க்கெட் படிக்கட்டில் இறங்கி ஓடினான். எங்கே? வேறு எங்கே!

பெனிஸ் கடையைத் திறந்து உட்கார்ந்திருந்தான். மேஜை மேல் விளக்கு எரிந்தது. தட்டைக் குச்சிகள் பிரித்துத் தயாராக இருந்தன. நம் நல்ல நேரம் என்று நினைத்தான் நூருல்லா.

"தம்பி, ஊட்ல சொல்லாத."

"சொல்லலீங்ணா. உக்காருங்க." பெனிஸ் கேமராவைத் திறந்தான். உள்ளே பார்த்தான். அப்புறம் நூருல்லாவைப் பார்த்தான். "ஏனுங்ணா, ஆட்டுக்குட்டி ஏதாச்சும் உள்ள போயிருச்சுங்களா?"

"தூசி தம்பி."

"மெரூன் கலர்ல இருக்குதுங்களே?" அவன் பார்வை குல்லாவுக்குப் போய்விட்டு மரியாதையாகக் கீழே இறங்கியது. "சரிங்ணா, அந்த டார்ச்சப் புடிங்க. கிட்ட வாங்க. இன்னுங் கொஞ்சம். மூச்சு விடாதீங்க."

விளக்கடியில் இரண்டு தலைகள் முட்டிக்கொண்டன. முட்டிய பிறகுதான் நூருல்லாவுக்கு உறைத்தது. வேறு வழியில்லை, இந்த வேலையில் தலைகள் முட்டத்தான் செய்யும். பெனிஸ் ரப்பர் பம்பால் ஊதினான். ஈரக்குச்சியால் ஒரு இழுப்பு. குச்சியைத் திருப்பி இன்னொரு இழுப்பு. புதுக் குச்சி. மறுபடி ஒரு இழுப்பு.

"போயிருச்சு பாருங்க!"

நூருல்லா அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டான். நசீரா சிரித்த அதே சிரிப்பு. அவனுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

"தம்பி" என்றான், சால்வையை மடித்துக்கொண்டே. "அக்கா வேலைக்கு நடுவுல என்னையப் பத்தி ஏதாச்சும் பேசுவாளா?"

"எப்பவும் உங்களப் பத்தித்தான் பேசுவாங்க."

மார்பு விரிந்தது. "என்னன்னு?"

"'அவரு தூங்கறாரு'ன்னு."

"வேற?"

பெனிஸ் யோசித்தான். "வேற ஒண்ணுமில்லீங்ணா. எந்தக் கல்யாணத்துல யாரு கேட்டாலும் அதுதான் சொல்லுவாங்க."

திரும்பிப் படியேறும்போது சால்வைக்குள் கேமரா கொஞ்சம் கனத்தது.

நசீரா வந்தபோது கேமரா இருந்த இடத்தில் இருந்தது. நூருல்லா போர்வைக்குள் கண்ணை இறுக மூடிக் கொறட்டை விட்டுக்கொண்டிருந்தான். முழித்துக்கொண்டு விடுகிற கொறட்டைக்குத் தாளம் அதிகம்.

"அட, தூசி போயிருச்சே!" என்றாள்.

போர்வை பேசியது. "நாந்தான் தொடச்சேன். பெரிய வித்தையா? எல்லாம் பக்டரி டெக்னிக்."

"அப்படீங்களா! மாஷா அல்லா. ஒரு வீடியோ வேற எடுத்திருக்கீங்களே?"

கொறட்டை நின்றது.

படத்தில் ஒன்றும் தெரியவில்லை. வெறும் கலங்கல், நடுவே ஒரு நிழல் ஆடியது. ஆனால் சத்தம் மழை விட்ட காலை மாதிரித் தெளிவு. 'பெனிஸாவது, பென்சிலாவது' வந்தது. சரக் சரக் வந்தது. தும்மல் வந்தது. அதற்குப் பிறகு, கூரையைப் பார்த்த உரத்த குரலில், 'யா அல்லா' வந்தது.

போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தான். "அது நேர்ச்சை இல்ல புள்ள. பொலம்பல்."

"மிக்சிக்கு வெச்சப்பச் சாட்சி இல்லீங்க. கீசருக்கும் இல்ல. இதுக்கு இருக்குது."

"இது எப்படிப் பதிவாச்சு?"

"செவப்புப் புள்ளி மினுக்கும்னு நாந்தானேங்க சொன்னேன்."

நூருல்லா கேமராவை எட்டிப் பார்த்தான். "கேமரா நாசமாப் போயிருந்தா?"

"அதுக்குத்தான் பெனிஸ வெள்ளனயே கடையத் தொறந்து வெக்கச் சொன்னேன். எதப் பிரிச்சாலும் கடைசியில நேர்ச்சைதானுங்களே வெப்பீங்க. வெப்பீங்கன்னு தெரியும். என்னத்த வெப்பீங்கன்னுதான் தெரியல." கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "சக்கரைன்னு சொல்லியிருந்தாச் சக்கரைய எடுத்து ஒளிச்சு வெச்சிருப்பேன். நல்லவேளை, நான் கேக்கறதாவே வெச்சுட்டீங்க."

"அவன் கார்ல முன் சீட்டுல நீ போனா எனக்குக் கஷ்டமா இருக்காதா?"

"எனக்கு மட்டும் இல்லீங்களா?" என்றாள் நசீரா. "இத்தன வருஷமா நான் உங்க தலகாணி மேல பொறாமப்பட்டுக்கிட்டு இருக்கறேன். அதுகூடத்தானே பகலெல்லாம் இருக்கறீங்க."

நூருல்லா எழுந்து போய் வெங்காயக் கூடையை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி புறப்பட்டான். ஆனாலும் மனுஷன் மனுஷன்தானே. கார் வந்ததும் முந்திக்கொண்டு முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினான். நசீரா சிரித்துக்கொண்டே பின்னால் லைட்டோடு உட்கார்ந்தாள். நடுவட்டம் தாண்டும் வரை ஒவ்வொரு வளைவிலும் பெனிஸ் பக்கம் சாய்ந்தது நூருல்லாதான்.

நாடுகாணியில் பெண்கள் பக்கம் திரை போட்டிருந்தது. அதன் வாசலில் பையோடு நின்றான். உள்ளே நசீராவின் குரல் கேட்டது. "மெஹ்ரின், தாடையக் கொஞ்சம் தூக்கு கண்ணு... மாமி, நீங்க நவுருங்க, உங்க வளையல் மறைக்குது!" கட்டளை மேல் கட்டளை; சிரிப்பு மேல் சிரிப்பு. அந்தப் பக்கம் இருக்கும் அத்தனை பெண்கள் மேலும் அவனுக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு தடவை திரை விலகி, வேர்த்த மூக்கும் மின்னும் கண்ணுமாக அவள் முகம் வெளியே வந்தது. "பேட்டரி!" என்றது. வாங்கிக்கொண்டு மறைந்தது. பகல் வெளிச்சத்தில் தன் பெண்டாட்டி இப்படி இருப்பாள் என்று யாரும் அவனிடம் சொன்னதில்லை.

நிக்காஹ் முடிந்து நெய்ச்சோறு வந்தது. தின்றுவிட்டு, படமெடுத்துக் களைத்த பெனிஸ் நூருல்லாவின் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். இவனோ ராத்திரி ஷிப்ட் முடித்து அப்படியே வந்தவன். நேர்ச்சை, நேர்ச்சை என்று நூருல்லா தன்னையே கிள்ளிக்கொண்டான். "இக்கா, இத்திரி ஒறங்கிக்கோ" என்று கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் கொஞ்சம் தூங்கச் சொல்லி மலையாளத்தில் அன்பாகப் பேசிவிட்டுப் போனது மட்டும் அவனுக்கு நினைவிருக்கிறது.

ஆல்பம் வந்தது. வானம் சுத்தம். மெஹ்ரின் கன்னம் சுத்தம். மாமியார் கன்னம்கூடச் சுத்தம். கல்யாண வீட்டார் பெரிதாக்கி மாட்டக் கேட்ட படம் ஒன்றே ஒன்று, நசீரா எடுத்தது, கடைசிப் பக்கத்தில் இருந்தது. பெனிஸின் தோளில் தலை சாய்த்து, வாயைப் பிளந்து, மெரூன் குல்லாவோடு நூருல்லா தூங்கிக்கொண்டிருந்தான். பெனிஸும் தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டு தலைகளும் முட்டிக்கொண்டிருந்தன. தேடிப் பார்த்தாலும் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

நசீரா அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"ஏனுங்க, இதப் பாத்தா எனக்கே பொறாமையா இருக்குதுங்க."